யாரும் இறங்காத ஊர்

பாம்பன் என்ற பெயரைக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் வானொலியும் தொலைக்காட்சியும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடும். பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பார்கள். இரண்டு நாளில் அது மூன்றாம் எண்ணாகும். வெளியூர் உறவுக்காரப் பிள்ளைகள் என்னிடம், "அந்தக் கூண்டுக்குள்ள என்ன இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. துறைமுகக் கொடிமரத்தில் பகலில் கூம்பும் உருளையுமாகக் கறுத்த கூடுகள் தொங்கும். இரவில் அதே செய்தியைச் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும் சொல்லும். அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கூண்டைப் பார்த்துத்தான் உலையில் அரிசி விழும். கூண்டு ஏறினால் அம்மா கடலுக்குப் போக முடியாது. எத்தனை நாள் என்று தெரியாது. அதனால் அன்றைக்கே ஆழாக்கில் ஒரு பிடியைக் குறைத்துவிடுவாள். தெருவில் நின்று, முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு, கொடிமரத்தையே பார்த்தபடி நிற்பாள். அந்த முகத்தைப் பார்த்தே எத்தனையாம் எண் என்று நான் கண்டுபிடித்துவிடுவேன்.

எங்கள் ஊர்ப் பெயர் நாடெல்லாம் போகும். ஊருக்குள் மட்டும் யாரும் வர மாட்டார்கள். ராமேஸ்வரம் தீவுக்குள் வருகிற எவரும் பாம்பனைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழியே கிடையாது. தாண்டுகிறார்கள், இறங்குவதில்லை. என் வயதில் பாதியை அவர்களை இறங்க வைப்பதில்தான் செலவிட்டிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

1988-ஆம் ஆண்டு வரை தீவுக்குள் வர ரயிலும் படகும்தான். அந்த ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து சாலைப் பாலத்தைத் திறந்துவைத்தார். அன்னை இந்திரா காந்தி பாலம் என்று பெயர். இரண்டேகால் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதுவரை பார்த்திராத அளவுக்கு வேன்களும் பேருந்துகளும் வரத் தொடங்கின. கல்லூரி முடித்து வேலையில்லாமல் இருந்த நான், ராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதியில் வழிகாட்டியாகச் சேர்ந்தேன். மண்டபத்தில் வேனில் ஏறிக்கொள்ள வேண்டும், கோயில் வரை கூட்டி வர வேண்டும், மறுநாள் தனுஷ்கோடி.

விடுதி மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். "பாலத்துல அஞ்சு நிமிஷம் நிப்பாட்டு. போட்டோ எடுத்துக்கட்டும். அப்புறம் நேரா கோயில்தான். பாம்பன்ல என்ன இருக்கு?"

நான் பதில் பேசவில்லை. அந்த ஊரில்தான் என் வீடு இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகள் அப்படியே செய்தேன். பாலத்தின் உச்சியில் வேன் நிற்கும். காற்று சேலைகளைப் பறிக்கும். கீழே ரயில் பாலத்தைக் காட்டுவேன். இந்தப் பக்கம் வடகடல், அது பெண்கடல், அலை அடங்கிக் கிடக்கும். அந்தப் பக்கம் தென்கடல், ஆண்கடல், எப்போதும் இரைச்சல் போடும் என்பேன். படம் எடுப்பார்கள். ஏறிக்கொள்வார்கள். வேன் இறக்கத்தில் போகும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் என் ஊர் ஓடி மறையும். அதைப் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

*

என் அப்பா அந்த ரயில் பாலத்தில் கீமேன். தினமும் விடியலில் தோளில் ஸ்பானரும் கையில் நீண்ட காம்புச் சுத்தியலுமாகப் பாலத்தில் நடப்பார். ஒவ்வொரு கொக்கி போல்ட்டையும் தட்டிப் பார்ப்பார். இறுகியிருந்தால் கணீர் என்று கேட்கும். தளர்ந்திருந்தால் சத்தம் மட்டையாக விழும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் வேகத்தில் எங்கள் கரையை மிஞ்சும் இடங்கள் உலகத்தில் வெகு சில. இன்றைக்குத் தட்டிக் கணீர் என்றது அடுத்த வாரம் மட்டையாகும். பள்ளி விடுமுறையில் கரையோரம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். நீர் மட்டத்தில் ஒலி வெகுதூரம் வரும். கணீர், கணீர், கணீர், பிறகு ஒரு மட்டைச் சத்தம், பிறகு நீண்ட மௌனம். அந்த மௌனத்தில் அப்பா ஸ்பானரை முடுக்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24-இல். சென்னை எழும்பூரில் ஏறுகிறவர் பாம்பனைக் கடந்து தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும், மறுபடி ரயிலேறிக் கொழும்புக்கும் போவார். போட் மெயில் என்று பெயர். பாம்பன் அப்போது சந்திப்பு நிலையம். இங்கே தண்டவாளம் பிரியும். ஒன்று ராமேஸ்வரத்துக்கு, மற்றொன்று தனுஷ்கோடிக்கு.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரம், எங்கள் நிலையத்திலிருந்துதான் 653-ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். தனுஷ்கோடி நிலையத்தை எட்டிப் பிடிக்கும் தூரத்தில், அன்றைய புயலில், கடல் ரயிலை எடுத்துக்கொண்டது. தனுஷ்கோடி இருந்த இடத்தில் சர்ச் சுவரும் நிலையத்தின் மிச்சமும் மணலும்தான் எஞ்சின. இன்றும் சுற்றுலா வருகிறவர்கள் அந்த இடிபாடுகளின் முன்னால் நிற்கிறார்கள். அந்த ரயிலுக்குக் கொடி காட்டிய நிலையம் பாம்பன் என்பது பலருக்குத் தெரியாது. அன்றைக்குப் பிறகு எங்கள் ஊர் சந்திப்பாக இருக்கவில்லை. ராமேஸ்வரத்துக்குப் போகும் பாதை மட்டுமே மிச்சம்.

ரயில் பாலத்தின் உத்திரங்களில் பெரும்பகுதியைப் புயல் கடலுக்குள் தள்ளிவிட்டது. நடுவிலிருந்த தூக்குப்பாலம் மட்டும் அசையாமல் நின்றது. சீரமைக்கும் பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. பிற்காலத்தில் கொங்கண் ரயிலையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய அதே ஸ்ரீதரன். விழுந்த உத்திரங்களைக் கடலிலிருந்தே மீட்டு, 46 நாளில் ரயிலை ஓட வைத்தார். அந்த வேலைக்குத் தினக்கூலியாகப் போனவர்களில் ஒருவர் என் அப்பா. அப்போது மீசை முளைக்காத வயது. எங்கள் வீட்டில் எந்தக் கணக்கும் "நாற்பத்தாறு நாளில்" என்றுதான் பேசப்படும். கூரை மாற்ற எத்தனை நாளாகும் என்று அம்மா கேட்டால், "பாலமே நாற்பத்தாறு நாள்ல வந்துச்சு, இது என்ன" என்பார். கடைசிவரை அவருக்கு அந்த 46 நாள்தான் பெருமை. பின்னால் வேலை நிரந்தரமானதுகூட அடுத்தபடிதான்.

அப்பாவிடம் கற்றது ஒன்று உண்டு. பாலத்தில் காற்றை அளக்கும் கருவி இருக்கும். மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டிவிட்டால் சிக்னல் விழாது. ரயில் நிற்கும். எந்த அதிகாரி உள்ளே இருந்தாலும் நிற்கும். ஒருமுறை கச்சான் காற்று வீசிய நாளில், மண்டபத்தில் ரயில் மணிக்கணக்கில் நின்றுவிட்டது. பயணிகள் இறங்கி வந்து சத்தம் போட்டார்கள். அப்பா அன்று பணியில் இல்லை. என்னோடு அந்த ரயிலில் வந்துகொண்டிருந்தார். எழுந்து அவர்களிடம் போய், "காத்து போகட்டும், நாம பின்னால போவோம்" என்றார். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. கூட்டம் அமைதியாகிவிட்டது. 64-ஐ அறிந்த ஊர்க்காரனின் குரல் அது.

*

தூக்குப்பாலம் திறப்பதை முதன்முதலாக அப்பா காட்டியபோது எனக்கு எட்டு வயதிருக்கும். வடகடலில் இரண்டு நாளாகக் கப்பல் ஒன்று நங்கூரம் போட்டுக் கிடந்தது. கூடவே ஆழ்கடல் விசைப்படகுகள் வரிசையாக. பாலம் திறக்கும் நாளுக்காக எல்லாம் காத்திருந்தன.

ஷெர்சர் வகைப் பாலம் என்று அதைச் சொல்வார்கள். இரண்டு இரும்புக் கைகள் கடலின் நடுவே விரல் கோத்துப் படுத்திருக்கும். ஒவ்வொரு கைக்கும் பின்புறத்தில் எடைக்கு எடை வைத்திருப்பார்கள். கையின் அடிப்பகுதி சாய்வு நாற்காலியின் கால்போல வளைந்திருக்கும். தூக்கும்போது கை உருண்டு பின்னால் சாயும், சாயச் சாய நுனி மேலே எழும். மின்சாரம் இல்லை, எந்திரம் இல்லை. ஆள்கள்தான். நீண்ட இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, செக்கு சுற்றுவதுபோலத் தள்ளித் தள்ளிச் சுற்றினார்கள். சட்டையில்லாத முதுகுகளில் வெயில் வழிந்தது. முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. பிறகு தண்டவாளங்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலளவு வெளிச்சம் தெரிந்தது. நூல் கயிறானது. கயிறு கதவானது. ரயில் போகும் பாதை அப்படியே வானத்தைப் பார்த்து நின்றது.

கப்பல் மெதுவாக வந்தது. மேல்தளத்தில் நின்ற ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். கரையில் நின்ற மொத்தப் பேரும் கையசைத்தோம். அவர் எந்த ஊர், எந்த மொழி, யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேர் என்றால் அதுதான். ஊர் கூடி இழுக்க வேண்டும், அது அசையும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

*

அப்பாவின் வேலை பாலத்துக்கு மேலே என்றால், அம்மாவின் வேலை தண்ணீருக்குக் கீழே. எங்கள் ஊரின் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கப் போவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து வத்தையில் ஏறி, குருசடை, பூமரிச்சான், புள்ளிவாசல் தீவுகளின் ஓரத்துப் பாறைகளுக்குப் போய் முங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்றும் கட்டக்கோரை என்றும் கஞ்சிப்பாசி என்றும் வகை வகையாக உண்டு. மரிக்கொழுந்திலிருந்து எடுக்கும் அகர் மருந்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகிறது. கட்டக்கோரையிலிருந்து வரும் ஆல்ஜினேட் துணிக்குச் சாயம் ஏற்ற உதவுகிறது.

கிளம்புவதற்கு முன் அம்மா திண்ணையில் உட்கார்ந்து விரல்களுக்குத் துணி சுற்றுவாள். பழைய சேலையை விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்திருப்பாள். பெருவிரலுக்கு இரண்டு சுற்று, ஆள்காட்டி விரலுக்கு மூன்று. முடிச்சைப் பல்லால் இறுக்குவாள். இடது கை முடிந்ததும் வலது கையை என்னிடம் நீட்டுவாள். அதைச் சுற்றிவிடுவது என் வேலை. இறுக்கிக் கட்டினால் விரல் மரத்துப்போகும், தளர்த்திக் கட்டினால் பாறை கிழிக்கும். கட்டி முடித்ததும் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்து, "சரியா இருக்கு" என்பாள். மாலையில் திரும்பி வந்து அவிழ்க்கும்போது துணி சில நாள் சிவந்திருக்கும்.

எங்கள் ஊரின் காடு கடலுக்குள் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. 1989-இல் வளைகுடா முழுவதும் உயிர்க்கோளக் காப்பகமானது. காட்டுக்குள் யானையும் புலியும் இருப்பதுபோல இங்கே பவளப்பாறை, கடல்குதிரை, கடலாமை, கடற்புல் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசு. குருசடைத் தீவின் கரைவாழ் உயிர்களைப் பற்றி 1927-இலேயே சென்னை அருங்காட்சியகம் தனி நூல் வெளியிட்டது. எத்தனையோ கல்லூரி மாணவர்கள் உயிரியல் படிக்க அந்தச் சின்னத் தீவில் வந்து இறங்கினார்கள். கடலுக்குள் காக்கிச் சட்டையோடு படகில் சுற்றும் வனக்காவலர்களை நான் சிறுவயதில் வியப்போடு பார்த்திருக்கிறேன்.

காட்டைக் காக்கிற சட்டம் வந்தால் காட்டை நம்பியவர்களின் பாடும் கூடவே வரும். தீவுகளுக்குப் போகும் வழி ஒவ்வொன்றாக அடைபட்டது. அம்மாவும் கூட்டாளிகளும் முதலில் அழுதார்கள். பிறகு கூடிப் பேசினார்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் போவது, பாசியை வேரோடு பிடுங்காமல் மறுபடி வளர விட்டு எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015-இல் சின்னப்பாலத்துப் பாசிப் பெண் ஒருவருக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தபோது, அது தனக்கே கிடைத்ததுபோல அம்மா தெருவெல்லாம் சொன்னாள்.

*

1994 தை மாதம். கூடலூரிலிருந்து ஒரு வேன் வந்தது. நீலகிரிக் காட்டோரத்துச் சின்ன ஊர். வந்தவர்கள் எல்லாரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். வழக்கம்போலப் பாலத்தின் உச்சியில் நிறுத்தினேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. எல்லாரும் ஏறிவிட்டார்கள். ஒரு அக்கா மட்டும் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழே ரயில் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"தம்பி, அந்தப் பாலத்துக்குப் பக்கத்துல போக முடியுங்களா?" என்றார்.

"கீழ ஊருக்குள்ள இறங்கணும்க்கா. கோயிலுக்கு நேரமாயிரும்."

"சாமி காத்திருக்கும்ங்க தம்பி."

அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை. ஐந்து ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு வேனைப் பாம்பனுக்குள் திருப்பினேன்.

கரையில் உட்கார்ந்து அவர் சொன்னார். பதினாலு வயதில், 1972-இல், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து ரயிலில் மண்டபம் முகாமுக்கு. ரயில் பாலத்தில் ஏறியதும் சன்னலுக்கு வெளியே தரையே தெரியவில்லை, இருபுறமும் தண்ணீர். கடல் தங்களை வேண்டாம் என்று துப்புகிறது என்று பயந்து, அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை மூடிக்கொண்டார். மறுகரை வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. அம்மா அழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்க பாட்டியும் இதே பாலத்துலதான் போனாங்களாம் தம்பி. துறையூர்ப் பக்கத்துல இருந்து இலங்கைக்கு. மண்டபத்துல முகாம்ல வெச்சு, நோய் இல்லன்னு பாத்துட்டு அனுப்பினாங்களாம். அவங்க போறப்ப அழுதாங்க. எங்க அம்மா வர்றப்ப அழுதாங்க. நான் கண்ணே தொறக்கல."

எங்கள் கரைக்கு இரண்டு இடி விழுந்த ஆண்டு 1964. டிசம்பரில் வந்த புயலை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபரில், இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. இலங்கைத் தேயிலைக்காகத் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் அவர்கள். வந்தவர்களில் எத்தனையோ பேர் எங்கள் பாலத்தின் மேல்தான் தமிழ்நாட்டுப் பெருநிலத்துக்குள் நுழைந்தார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் காட்டு நிலத்தில் அரசு அவர்களுக்காகத் தேயிலைத் தோட்டம் போட்டது. மறுபடியும் தேயிலை, மறுபடியும் மலை. இதையெல்லாம் பாடமாகப் படித்திருந்தேன். அப்பா தட்டித் தட்டிப் பார்த்த போல்ட்டுகளின் மேல்தான் அவர்கள் அழுதுகொண்டே போனார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அவர்கள் பசியோடு இருந்ததால் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா கடலிலிருந்து வந்து விரல் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்த அக்கா வாசலிலேயே நின்று அம்மாவின் கையைப் பார்த்தார். பிறகு தன் கையை நீட்டிக் காட்டினார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல்நுனிகள் கறுத்து, கீறல் விழுந்து கிடந்தன. அவர்களும் விரலில் எதையாவது சுற்றிக்கொண்டுதான் போவார்களாம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"தீவுக்குப் போகக் கூடாதுங்கிறாங்கம்மா" என்று அம்மா தன் கஷ்டத்தை எடுத்துச் சொன்னபோது, "எங்க ஊர்லயும் அப்படித்தாங்க. வெறகுக்குப் போனா காட்டுக்குள்ள விட மாட்டாங்க. காடும் இருக்கணும், நாமளும் இருக்கணும்" என்றார் அக்கா. முரல் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டார்கள்.

மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மறுபடி கரைக்குப் போனோம். மண்டபத்திலிருந்து கிளம்பிய ரயில் ஆள் ஓடும் வேகத்தில் கடலின் மேல் ஊர்ந்து வந்தது. தூக்குப்பாலத்தின் மேல் ஏறும்போது சத்தம் மாறும், கடகடவென்பது கணகணவென்றாகும். அக்கா கடைசிப் பெட்டி கரையேறும்வரை இமைக்காமல் பார்த்தார். "இவ்வளவுதானா" என்றார். பிறகு, "அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார்.

கோயிலில் அன்றைக்கு அர்த்தசாமத்துக்குத்தான் சேர்ந்தோம். மேலாளர் திட்டினார். அந்த மாதக் கடைசியில் அந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஆள் கூட்டிப் போகத் தொடங்கினேன். முதல் நிறுத்தம் பாம்பன் என்று வைத்துக்கொண்டேன்.

*

இறங்கியவர்களுக்குக் காட்ட எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? கலங்கரை விளக்கம் இருக்கிறது. கொடிமரம் இருக்கிறது; வானொலியில் கேட்ட கூண்டு இதில்தான் ஏறும் என்று சொன்னால் பெரியவர்களே குழந்தைகளாகிவிடுவார்கள். தெற்கே குந்துகால் இருக்கிறது. சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தர், இலங்கை வழியாக வந்து 1897 ஜனவரி 26-இல் இந்திய மண்ணில் கால் வைத்தது பாம்பனில். வரவேற்ற ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி, வண்டியில் பூட்டிய குதிரைகளை அவிழ்க்கச் சொல்லி, மக்களோடு சேர்ந்து தானும் இழுத்தார். குந்துகாலில் இன்று விவேகானந்தருக்கு நினைவிடம் நிற்கிறது. அந்தக் கரையில் நின்றால் எதிரே பச்சைக் கோடாகக் குருசடை தெரியும்.

ஊர்ப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்ட பாம்பன் சுவாமிகளும் எங்களவர்தான். அவர் 1891-இல் பாடிய சண்முக கவசத்தை ஓதாத முருகன் வீடு குறைவு. 1929-இல் சமாதியானது சென்னைத் திருவான்மியூரில்.

ராமேஸ்வரம் சாலையில் அக்காள்மடம், தங்கச்சிமடம். நடந்தே வந்த யாத்திரிகர்கள் தங்கிய மடங்களின் பெயர் ஊர்களாகிவிட்டன. தங்கச்சிமடத்து மணலில் பதியனாகும் மல்லிகை நாற்றுதான் தமிழ்நாடெங்கும் போகிறது. மதுரையில் தலையில் வைக்கும் பூவின் வேர் எங்கள் தீவில் இருக்கிறது என்றால் பெண்கள் நம்ப மாட்டார்கள்; வண்டியை நிறுத்தி நாற்றங்காலைக் காட்டுவேன். அங்கேயே வேர்க்காட்டில் புனித சந்தியாகப்பர் ஆலயம். ஆடி வெயிலில் நடக்கும் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வருவார்கள். கடலுக்குப் போகிற வீட்டில் எந்தச் சாமியையும் விட்டுவைக்க முடியாது.

இவற்றில் எதற்கும் டிக்கெட் பெரிதில்லை, நேரம்தான் பெரிது. எங்கள் ஊரைப் பார்க்க ஒரு பாலம் திறக்கும்வரை, ஒரு ரயில் வரும்வரை, ஒரு வத்தை கரை சேரும்வரை உட்கார வேண்டும். காற்றுக்காக ரயில் நிற்கிற ஊரில், மனிதர்களும் கொஞ்சம் நின்றால்தான் எதுவும் கண்ணில் படும்.

*

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் ஓட்டம் நின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உப்பைத் தாங்கிய இரும்பு, இனித் தாங்காது என்று முடிவானது. அப்பா அதைப் பார்க்க இல்லை. அவருடைய சுத்தியல் மட்டும் எங்கள் வீட்டு மூலையில் நிற்கிறது, காம்பு அவர் பிடித்த இடத்தில் தேய்ந்து.

2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று, பிரதமர் நரேந்திர மோடி புதிய பாலத்தைத் திறந்துவைத்தார். கடல்மேல் செங்குத்தாக ஏறி இறங்கும் தூக்குப்பாலம் நாட்டிலேயே இதுதான் முதலாவது. 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி படுத்த வாக்கிலேயே 17 மீட்டர் மேலே போகிறது, மின்சாரத்தில், சில நிமிடங்களில். முதல் நாள் கரையில் நின்று பார்த்தேன். மனம் நிறைந்தது. முதுகில் வெயில் வழிய யாரும் கம்பி தள்ள வேண்டாம். அப்பா இருந்திருந்தால் முதலில் அவர்தான் கைதட்டியிருப்பார்.

பழைய பாலத்தை அகற்றப்போகிறார்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து தூக்கம் குறைந்துவிட்டது. கடலில் நின்று ஆபத்தாகிற இரும்பை எடுக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 64 புயலுக்கு அசையாத அந்த இரண்டு கைகளையாவது கரையில் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதன் பக்கத்தில் 653-இல் போனவர்களுக்கு ஒரு கல். 46 நாள் உழைத்த கூலிக்காரர்களுக்கு ஒரு கல். போகும்போதும் வரும்போதும் அதன்மேல் அழுதவர்களுக்கு ஒரு கல். இடம் எங்கள் ஊரில் இருக்கிறது.

போன மாதம் ஒரு மாலை. சாலையோரம் ஒரு வேன் நின்றது. திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பம். ஒரு சிறுவன் என்னிடம் ஓடி வந்து, "தாத்தா, அந்தப் பாலத்துல ஏன் ரயில் போகல?" என்றான். அவனைக் கரைக்குக் கூட்டிப் போனேன். வாடை நன்றாக வீசிக்கொண்டிருந்தது. பழைய உத்திரங்களுக்குள் காற்று புகுந்து மெல்லிய ஒலி எழுப்பியது. "கேளு" என்றேன். அவன் காதுக்குப் பின்னால் கை வைத்துக் கேட்டான். கீமேன் தட்டும் சத்தத்தைச் சொன்னேன். கூண்டைச் சொன்னேன். அவன் அக்காள் வந்தாள். அம்மா வந்தார். பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்தபடி நின்றார். மண்டபம் பக்கம் சிக்னலுக்காக ரயில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. "காத்து போகட்டும்னு நிக்குது" என்றேன்.

வெகுநேரம் ஆகிவிட்டது. ஓட்டுநர் ஹாரன் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். திரும்பிப் பார்த்தால் வேனில் யாரும் இல்லை. அவரும் இறங்கி வந்து எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.